முதல் கிண்ணம் யாருக்கு

தம்பி போட்வினுக்கு, அக்கா வில்பர்க் ஆசி கூறி எழுதுவது. உன் இருமல் குறைந்ததா? மடத்தில் வெறும் தரையில் படுக்காதே. இங்கே குளிரும் குறையவில்லை, அசிங்கமும் குறையவில்லை. பாதிரியாரிடம் சொல்லி எழுதவைக்கும் விஷயம் இல்லை இது. அதனால் நானே எழுதுகிறேன். கோணல் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

உன் அத்தான் சைகரைப் புதைத்த மேட்டில் மண்கூட இன்னும் இறுகவில்லை. அதற்குள் அவருடைய மூத்த தாரத்து மகன் ஓஸ்லாஃப் அரசனாகிவிட்டான். என்னை மணக்கப்போவதாகக் கூடத்தில் எல்லோர் முன்னும் அறிவித்தும்விட்டான். பழைய வழக்கமாம். "அப்பாவோட கூடம், வாள், குதிரை எல்லாம் எனக்குத்தானே வந்துச்சு, இது மட்டும் எங்க போகும்?" என்று சிரித்தான். இது என்றது என்னை, தம்பி. வீரர்கள் மேசையைத் தட்டி ஆர்ப்பரித்தார்கள்.

போன ஈஸ்டரில் ஞானஸ்நானம் பெற்று ஆற்றிலிருந்து ஏறியவனுக்கு வெள்ளைத் துணி போர்த்திவிட்டது நான்தான். "அம்மா, குளிருது" என்று நடுங்கினான். அந்த வாயால்தான் இப்போது பேசுகிறான். வேதம் இதைத் தடுக்கிறதே என்று கேட்டேன். "கல்யாணத்தன்னிக்கு ஒருநாள் மட்டும் நம்ம பழைய வோடன் சாமிகிட்டப் போயிட்டு, மறுநாளே ஏசுகிட்ட வந்துடறேன், போதுமா?" என்கிறான். அதற்காக இப்போதே மாட்டை வெட்டி, கூடத்துச் சுவரெல்லாம் ரத்தம் தெளித்திருக்கிறார்கள். கழுவக் கழுவ நாறுகிறது.

பாதிரியாரிடம் முறையிட்டேன். "ராசா மனசு கோணாம இருந்தாத்தானே கோயிலுக்குக் கூரை நிக்கும், ராணிம்மா" என்றார். அந்தப் படையல் மாட்டின் ஈரலைத் தின்றுகொண்டேதான் சொன்னார். பாணன் இன்னும் மோசம். நான் ஆனந்தக் கண்ணீர் விட்டதாக யாழ் மீட்டிப் பாடுகிறான். நான் அழவே இல்லை.

பெரியண்ணனும் ஆள் அனுப்பினான். "ரெண்டு குலத்துச் சண்டையும் நிக்கத்தானே உன்னை அங்க கட்டிக்கொடுத்தோம், கொஞ்சம் அனுசரிச்சுப் போ" என்கிறான். அனுசரிக்க வேண்டியது அவன் உடம்பு இல்லையே.

மாடுகளைப் பலியிடும் இந்த ரத்த மாதத்து விருந்தில் தேன்மதுக் கிண்ணத்தை நான் ஏந்திப்போய் யாருக்கு முதலில் நீட்டுகிறேனோ, அவனே என் புருஷன் என்றாகிவிடும். நீட்டாமல் தரையில் கொட்டினால் சபையில் தன்னை அவமானப்படுத்திவிட்டேன் என்று ஓஸ்லாஃப் வாளை உருவுவான். என்னோடு இங்கே வந்த நம் ஆட்கள்தான் முதலில் சாவார்கள். நீட்டினால் என்ன ஆகும் என்று எழுதக் கை கூசுகிறது.

ஆகவே விருந்துக்கு முன்பே நான் போய்விட வேண்டும். அக்கரைக் கன்னியர் மடத்துத் தலைவி என்னைச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியனுப்பியிருக்கிறாள். கன்னியாஸ்திரியாக முக்காடிட்டவளை இழுத்துவர அவனுக்கும் துணிவு இருக்காது. விருந்துக்கு முந்தைய நாள் காலையில் ஆண்கள் எல்லோரும் தோப்புக்குப் பலியிடப் போவார்கள். அப்போது நம் ஆட்களும் ஏறுமளவு பெரிய படகோடு துறைக்கு வா. இங்குள்ள படகோட்டிகள் எல்லோரும் அவன் ஆட்கள்.

உன் மடத்துத் தலைவர் விடமாட்டார் என்றால், பொறுமையாக இரு, ஜெபிக்கிறேன் என்று மட்டும் எழுதி அனுப்பாதே. அதைச் சொல்ல இங்கே ஆளுக்குப் பஞ்சமில்லை.

கடவுள் உன்னைக் காக்கட்டும். என்னை நீதான் காக்க வேண்டும்.

உன் அக்கா,
வில்பர்க்