வீல் கப்பைத் தேய்த்தது யார்

1961, ஆவணி 9.

நாளைக்குத் தென்காசியில் ஒரு கல்யாணத்துக்கு என் வாடகைக் காரைப் பேசியிருக்கிறார்கள். ரெண்டு நாளாக ஓயாமல் ஐந்தருவிச் சவாரி. மத்தியானம் வந்து படுத்தவன் அசந்து தூங்கிவிட்டேன். எழுந்து பார்த்தால் என் வீட்டுக்காரி செல்லம்மா காரைக் கழுவி முடித்திருந்தாள். செங்கல்பொடி போட்டுத் தேய்த்ததில் வீல் கப்பில் முகம் தெரிந்தது. அதே பொடியைக் கருப்பு பானெட்டிலும் போட்டுவிட்டாள். பெயின்டெல்லாம் கீறல்.

“கூறுகெட்டவளே!” என்று தெருவுக்கே கேட்கக் கத்தினேன்.

“நீங்க தூங்குதீகளேன்னுதான் செஞ்சேன்” என்றாள்.

பொழுது சாயும்வரை ரெண்டு பேருமாக மெழுகு பாலிஷ் போட்டுத் தேய்த்தோம். கீறல் மங்கியது, போகவில்லை.

பிறகு கல்யாணப் பெண்ணின் அப்பா கார் பார்க்க வந்தார். “வீல் கப்பு கண்ணாடி மாதிரில்லா இருக்கு! யாரு தேச்சது?” என்றார்.

“நான்தான் அண்ணாச்சி” என்றேன். “பானெட்டைத்தான் வீட்டுல தெரியாமத் தேச்சுட்டா.”

“அதுக்கென்ன, பூவை வச்சு மறைச்சிருவோம்” என்று சொல்லிப் போனார்.

செல்லம்மா கதவுக்குப் பின்னால்தான் நின்றிருக்கிறாள். சோறு போடும்போது, “காலைல நாலு மணிக்கு எழுப்பணுமா?” என்று மட்டும் கேட்டாள்.

“ஆமா” என்றேன். அவள் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டு எழுந்தேன்.