குப்புறப் படுத்திருப்பவர்

என்னங்க,

தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் என்னை விடமாட்டார்களாம். எல்லாம் போனில்தான்.

"வைரஸ் நுரையீரலைக் கெடுத்திடுச்சு, மெஷின்தான் மூச்சு கொடுக்குது. இப்போ குப்புறப் படுத்துத் தூங்குறார்" என்றாள் நர்ஸ்.

எனக்குச் சுருக்கென்றது. இருபது வருஷத்தில் நீங்கள் ஒரு நாளாவது குப்புறப் படுத்ததுண்டா? வேறு யாரையோ பார்த்துவிட்டு என்னிடம் கதை விடுகிறாள் என்று மல்லுக்கு நின்றேன்.

"நாங்கதாம்மா அப்படிப் படுக்க வெச்சோம். அப்பத்தான் காத்து நல்லாப் போகும்" என்று வீடியோவில் காட்டினாள். முகம் தெரியவில்லை. முதுகு யாருடையதாகவும் இருக்கலாம்.

"காலைக் காட்டுங்க" என்றேன்.

சுண்டுவிரல் நகத்தில், நீங்கள் அசந்து தூங்கியபோது நம் மகள் பூசிவிட்ட சிவப்பு நெயில் பாலிஷ்.

வேறு யாராகவாவது இருக்கட்டும் என்றுதான் அவ்வளவு சண்டையும் போட்டேன்.

உங்கள்
சந்தேகப் பிராணி