அகரவரிசைக்கு ஓர் ஒப்புதல்

ஓஷ், பிப்ரவரி 3

அன்புள்ள சல்கின்,

நலமா? பிராகில் குளிர் எப்படி? இங்கே காலையிலிருந்து மின்சாரம் வருவதும் போவதுமாக இருக்கிறது.

ஒரே வகுப்பில் படித்த தோழி என்ற உரிமையில் எழுதுகிறேன். நான் நான்கு வருடமாக எழுதிய நிரல் தொகுப்பு உங்கள் ஓப்பன் சோர்ஸ் குழுவின் மதிப்பாய்வுக்கு வருகிறது. பத்து நாள் எல்லோரும் படித்துக் கருத்துச் சொல்வார்கள், முடிவை அறிவிப்பது நீ என்றார்கள். பெர்மெத் கேட்டுவிட்டு, "சல்கினா? அப்புறம் என்ன கவலை, டீயைக் குடிங்க" என்கிறாள். என் மனைவிக்கு உன்மேல் அவ்வளவு நம்பிக்கை.

நம் மொழிக்கே உரிய எழுத்துகளில் தொடங்கும் பெயர்களைக் கணினி அகரவரிசையில் ஒழுங்காக அடுக்காது என்பது உனக்குத் தெரியும். கல்லூரிச் சேர்க்கைப் பட்டியல் முன்னால் ஒரு தாய் அழுதுகொண்டிருந்தார். "எம் பொண்ணு உமுத் பேரு இல்லையே ஐயா!" பெயர் இருந்தது. கடைசி எழுத்துக்கும் கீழே, காகிதத்தின் அடியில். அன்றுதான் இதை எழுதத் தொடங்கினேன்.

சலுகை வேண்டாம். நியாயமாகப் பார், போதும்.

உன் அசில்பெக்

*

பிராக், பிப்ரவரி 20

அருமை அசில்பெக்,

பெர்மெத்துக்கு என் முத்தங்கள். அவள் அனுப்பிய குருத், அந்த உலர்ந்த தயிர் உருண்டைகள், இன்னும் கொஞ்சம் இருக்கிறது, தினமும் ஒன்று கடிக்கிறேன்.

உன் தொகுப்பை நிராகரித்துவிட்டேன். ஏழு பேரில் ஐந்து பேர் ஆதரித்தது உண்மைதான். ஆனால் தலைகளை எண்ணுவதில்லை, என் தீர்ப்புதான் முடிவு. உன் விளக்கக் குறிப்பின் ஆங்கிலத்தை இங்கே ஒருவன் உரக்க வாசித்து, "இதை எழுதினவன் ஆடு மேய்க்கிறவனா?" என்று கேட்டான். அலுவலகமே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

இந்த ஆட்களோடு வாதாட உனக்கு வராது. பாடம் நடத்து. அதில் நீ கெட்டிக்காரன்.

அன்புடன்,
சல்கின்

*

ஓஷ், மார்ச் 2

சல்கின்,

ஆங்கிலம் மோசம், ஒப்புக்கொள்கிறேன். நிரலில் என்ன தப்பு? ஒன்றைச் சொல், திருத்துகிறேன்.

கல்லூரியில் செய்தி பரவிவிட்டது. துறைத் தலைவர் எல்லோர் முன்னிலும், "என்னப்பா, ஐரோப்பா உன்னைத் திருப்பி அனுப்பிடுச்சாமே?" என்றார். பெர்மெத் மட்டும், "அவ அப்படியெல்லாம் செய்ய மாட்டா. நீங்கதான் எதையோ விட்டிருப்பீங்க, தேடிப் பாருங்க" என்கிறாள்.

தேடிக்கொண்டிருக்கிறேன்.

அசில்பெக்

*

பிராக், நவம்பர் 11

அருமை அசில்பெக்,

உன் மார்ச் கடிதத்துக்கும் பின்னால் வந்த இரண்டுக்கும் பதில் போடவில்லை, வேலை அப்படி.

நல்ல செய்தி சொல்கிறேன். உன் நிரலை எடுத்து, பெயரை மாற்றி, விளக்கத்தை நல்ல ஆங்கிலத்தில் எழுதி, வேகத்துக்காக ஒரு பகுதியும் சேர்த்து, என் பெயரில் மதிப்பாய்வுக்கு வைத்திருக்கிறேன். 15ஆம் தேதி தொடங்குகிறது, இந்த முறை நடத்துபவர் வேறொருவர். யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று உரிமத்தில் நீயேதான் எழுதியிருக்கிறாய். நன்றிப் பட்டியலில் ஆறாவதாக உன் பெயர் இருக்கிறது.

இதை முழுக்கப் புரிந்தவன் நீ ஒருவன்தான். நீ ஆதரித்து எழுதினால் மற்றவர்கள் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். எனக்குக் குழுவின் தலைமைப் பதவியும் உறுதியாகிவிடும். யார் பெயரில் வந்தால் என்ன, நம் ஊர் உமுத்துகளுக்கு நல்லதுதானே?

நம்பிக்கையுடன்,
சல்கின்

*

ஓஷ், நவம்பர் 24

சல்கின்,

ஒன்பது நாள் உட்கார்ந்து படித்தேன். என் பகுதியில் ஒரு வரியைக்கூட நீ மாற்றவில்லை. அன்று எதற்காக நிராகரித்தாய் என்று இனி நான் தேட வேண்டியதில்லை.

உன் கடிதத்தைப் பெர்மெத்துக்கு வாசித்துக் காட்டினேன். பாதியிலேயே, "போதும், நிறுத்துங்க" என்று எழுந்து போய்விட்டாள்.

'ஏற்கலாம்' என்று எழுதி இன்று காலை அனுப்பிவிட்டேன். அதைப் பார்த்த பிறகு மூன்று பேர் அப்படியே எழுதியிருக்கிறார்கள். பதவி உனக்குத்தான். வாழ்த்துகள்.

நீ சேர்த்த பகுதியில் ஒரு பிழை இருக்கிறது. சின்னதல்ல. மதிப்பாய்வில் அதை நான் எழுதவில்லை. உன்னிடமும் சொல்லப்போவதில்லை. எங்கள் கல்லூரியில் என் பழைய பிரதியே ஓடும்.

இனி எனக்கு எழுதாதே.

அசில்பெக்