வாங்காமல் வந்த மீன்

அன்புள்ள அம்மாவுக்குத் தோத்திரம்.

அப்பாவுக்கு மூச்சிரைப்பு குறைந்ததா? மருந்துக்கு நீங்கள் பஸ் ஏறிப் போக வேண்டாம், யாரையாவது அனுப்புங்கள். எனக்குச் சளிகூட இல்லை.

போன சனிக்கிழமை எங்கள் சபை வாலிபர்கள் நாங்கள் விழிஞ்ஞம் கடற்கரையில் மீனவர் வீடுகளுக்கு அரிசியும் பயறும் கொடுத்தோம். நோய் பரவியதால் அடைத்திருந்த கடற்கரையைத் திறந்துவிட்டார்கள். ஆனால் பயத்தில் இன்னும் யாரும் அவர்களிடம் மீன் வாங்குவதில்லை. பியாட்ரிஸ் என்ற மீன்கார அக்கா எங்கள் பையை வாங்கிக்கொண்டு, வாழையிலையில் பொதிந்த சாளை மீனை என்னிடம் நீட்டினார். மகளை அங்கே 'மோள்' என்பார்கள்.

"இது மோளுக்கு. இன்னைக்குப் பிடிச்சது."

கொடுக்கப் போகிற இடத்தில் எதையும் வாங்கக் கூடாதென்று சபைக் கமிட்டியில் சொல்லியிருந்தார்கள். அதைச் சொன்னேன். அதற்கு முன்பே என் கை பின்னால் போயிருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டார்.

"உங்க அரிசி எங்க அடுக்களைக்கு வரலாம். எங்க மீன் உங்க அடுக்களைக்கு வரப்பிடாது, அல்லே?" என்று சிரித்தார். பக்கத்தில் நின்ற பெண்கள் சிரிக்கவில்லை.

நீதியைப் பற்றி எவ்வளவோ படித்திருக்கிறேன், அம்மா. அந்த நேரத்தில் ஒரு வரியும் கைகொடுக்கவில்லை. மீனை வாங்காமலே வந்துவிட்டேன். அவருக்கு அரிசியைவிட, மீன் வாங்க ஓர் ஆள்தான் தேவைப்பட்டிருக்கிறது.

அடுத்த வாரம் தனியாகப் போய் விலைக்குக் கேட்கப் போகிறேன். தருவாரா, தெரியவில்லை. சாளைக் கறிக்குத் தேங்காயை வறுத்தா அரைப்பீர்கள்? ஒருத்திக்கு எவ்வளவு வைக்க வேண்டுமென்றும் எழுதுங்கள். எனக்கு எப்போதும் மிஞ்சிப்போகிறது.

எதிரே தபால்காரர் தபால்பெட்டியைத் திறக்கிறார், முடிக்கிறேன்.

உங்கள் மகள்,
ரெஷ்மா