செல்லம்மாள் கடைக்கு அடுத்த ஸ்டாப்

குன்றத்தூர்,
ஜூன் 9.

அன்புள்ள மகன் ஜோயலுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அம்மாவும் ஷாரோனும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீ நொய்டாவில் சுகமா என்று கேட்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை, யூடியூபில் வாரத்துக்கு இரண்டு பாட வீடியோ போடுகிறாய், கன்னம் போன மாதத்தைவிட ஒரு சுற்று கூடியிருக்கிறது, நல்லது. இந்தக் காலத்தில் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறாய், பேசி அனுப்பினால் வேகத்தைக் கூட்டி வைத்துக் கேட்பதாக நீயே அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். காகிதத்தை அப்படி ஓட்ட முடியாது, அதனால் தபாலில் அனுப்புகிறேன்.

அம்மாவுக்கு முழங்கால் வீக்கம் குறையவில்லை, மாடிக்குத் துணி காயப்போட நான்தான் ஏறுகிறேன். தண்ணீர் மோட்டார் இரண்டு முறை பழுதாகி இப்போது ஓடுகிறது. போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போதகர் ஐயா ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளை உட்காரவைத்து, சுவரில் பெரிதாக உன் வீடியோவைப் போட்டுக் காட்டினார். படித்தது மறக்காமல் இருக்க, தெரிந்த வழியில் ஸ்டாப்புக்கு ஒரு பதிலாக மனதில் வைத்துக்கொள்கிற பஸ் ஸ்டாப் முறை என்று சொல்வாயே, அது. முடிந்ததும் எல்லாரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன், பக்கத்தில் இருக்கிறவர்கள் பார்ப்பார்களே. ஷாரோன் பாதியிலேயே எழுந்துபோய் செருப்பு விடுகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

பிளஸ் டூவில் இயற்பியல் ஒன்றில் அவள் பெயில் என்பது உனக்குத் தெரியும், அழுகிற முகம் ஒன்று அனுப்பியிருந்தாய். உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது, நீ வருத்தப்படுவாய் என்று அம்மா மறைத்துவிட்டாள், எனக்கு அந்தக் கவலை இல்லை, சொல்லிவிடுகிறேன். உன் தங்கை ஒரகடத்தில் கம்பெனி அசெம்பிளி லைனில் சேர்ந்துவிட்டாள். காண்ட்ராக்ட் வேலை, எட்டு மணி நேரம் நின்றுகொண்டே. காலை ஷிப்டுக்கு நான் ஓட்டுகிற கம்பெனி பஸ்ஸில்தான் வருகிறாள். இருபத்திரண்டு வருடமாக ஊரார் பெண்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டுபோய் அந்த கேட்டில் இறக்கிவிட்டவன் நான், என் பெண் இந்தப் படியில் ஏற மாட்டாள் என்று முனிரத்தினத்திடம் எத்தனை தடவை வாய் அடித்திருப்பேன். அவன் பக்கத்து வண்டி டிரைவர், இப்போது என்னைப் பார்த்தால் பேச்சை மாற்றுகிறான். வீட்டிலிருந்து என்னோடு சேர்ந்து வர மாட்டேன் என்கிறாள் அவள். மலையடிவாரம் ஸ்டாப்பில் மற்ற பெண்களோடு வரிசையில் நின்று, எல்லாரையும்போல ஐடி கார்டை எனக்குக் காட்டிவிட்டு ஏறுகிறாள்.

அவள் சோம்பேறி இல்லை ஜோயல். உன் சேனலில் இருக்கிற இயற்பியல் வீடியோ அத்தனையும் பார்த்தாள், நோட்டு போட்டு எழுதினாள், நீ சொன்னபடி ஒரு நாள் விட்டு, மூன்று நாள் விட்டு, ஒரு வாரம் விட்டுத் திருப்பிப் படித்தாள். பத்து பெரிய கேள்விகளைப் பத்து ஸ்டாப்பில் வைத்தாள், நீ வீடியோவில் சொல்கிற அதே ஸ்டாப்புகள்: மலையடிவாரம், தண்ணீர்ப் பந்தல், செல்லம்மாள் டிபன் கடை, புளியமரம், பென்னலூர் என்று ஒரகடம் வரைக்கும். ஆனால் அந்தப் புளியமரம் இப்போது இல்லை. ரோட்டை அகலமாக்க வெட்டிப்போட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது, பஸ்ஸெல்லாம் செல்லம்மாள் கடையிலேயே திரும்பி வாட்டர் டேங்க் பக்கமாகச் சுற்றித்தான் பென்னலூர் போகிறது. ஸ்ரீபெரும்புதூர் பள்ளிக்கு அவள் தினமும் டவுன் பஸ்ஸில் போன வழியும் அதுதான். நீ இரண்டு வருடமாக ஊருக்கு வராததால் உனக்கு அந்த மரம் இன்னும் நிற்கிறது. ஜனவரியில் அவள் உன்னிடம் கேட்டாள், அண்ணா, அந்த ஸ்டாப் இப்ப இல்ல, நான் மரத்துல வைக்கட்டுமா டேங்க்ல வைக்கட்டுமா, ரெண்டும் மாத்தி மாத்தி வந்து குழம்புது என்று. நீ என்ன அனுப்பினாய் என்று போனை எடுத்துப் பார். லிங்க். அதே வீடியோவின் லிங்க். அதற்குக் கீழே ஒரு வார்த்தைகூட இல்லை.

பரீட்சை முடிந்து வந்தவள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். செல்லம்மாள் கடை வரைக்கும் நல்லா வந்துகினு இருந்துச்சுப்பா, அதுக்கப்புறம் வழியே தெரியல என்றாள். நான் அப்போது சிரித்துவிட்டேன், விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்து. நானும் யோக்கியன் இல்லை. ரிசல்ட் வந்த அன்று, உங்கண்ணன் வீடியோவைப் பாத்து ஊர்ல இருக்கிறவன் எல்லாம் பாஸ் பண்றான், வூட்டுல கீற உனக்கு இன்னா கேடு என்று கத்தினேன். மறு வாரமே அவள் ஆதார் கார்டை எடுத்துக்கொண்டு காண்ட்ராக்டர் ஆபீசுக்குப் போனாள். அந்த வார்த்தையை நான் சுமந்துகொண்டுதான் வண்டி ஓட்டுகிறேன், உன்மேல் மட்டும் பழி போடுவதாக நினைக்காதே.

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது, சொல்லித்தான் ஆகவேண்டும். அந்த வீடியோவில், எங்க ஊர்ல ஒரு கம்பெனி பஸ் டிரைவர் இருந்தாரு, ஸ்டாப் பேரை எல்லாம் சத்தமா சொல்லுவாரு, அதைக் கேட்டுத்தான் எனக்கு இந்த யோசனை வந்துச்சு என்கிறாய். ஞாயிற்றுக்கிழமைகளில் காலி வண்டியை ஷெட்டுக்குக் கொண்டுபோகும்போது உன்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஸ்டாப்புக்கு ஒரு வரியாக ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல்லவைத்தது யார்? ஒரு டிரைவர். அதுவும் இருந்தாராம். நான் இன்னும் இருக்கிறேன் ஜோயல். என்னை அப்பா என்று நாலு லட்சம் பேருக்கு முன்னால் சொல்ல உனக்குக் கூச்சமாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், அதற்காக இந்தக் கடிதம் எழுதவில்லை.

துணைத் தேர்வுக்குப் பள்ளியிலேயே விண்ணப்பம் போட்டுவிட்டார்கள். இயற்பியல் பரீட்சைக்கு இன்னும் இருபது நாள் இருக்கிறது. அவள் எழுத மாட்டேன் என்கிறாள். மறுபடியும் போய் மறந்துட்டு வரணுமா, எனக்கு மண்டையில ஒண்ணும் நிக்காதும்மா, லைன் வேலைக்கு இந்த மண்டை போதும் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். ஆனால் நான் கண்ணாடியில் பார்க்கிறேன். வண்டி கிளம்பியதும் கண்ணை மூடிக்கொள்கிறாள், ஒவ்வொரு ஸ்டாப்பிலும் உதடு அசைகிறது. மலையடிவாரம், தண்ணீர்ப் பந்தல், செல்லம்மாள் கடை. வண்டி டேங்க் பக்கம் திரும்பினதும் உதடு நின்றுவிடுகிறது, கண்ணைத் திறந்து வெளியே பார்க்கிறாள். பென்னலூர் வந்ததும் மறுபடி ஆரம்பிக்கிறாள். ஒன்பது கேள்வி இன்னும் அவள் தலைக்குள் அப்படியே இருக்கிறது, யூனிபார்ம் போட்டுக்கொண்டு லைனுக்குப் போகும்போதும் சொல்லிப் பார்க்கிறாள். எனக்கு முன்னால் ரோடு சரியாகத் தெரிய மாட்டேன் என்கிறது.

அதனால் நான் ஒரு காரியம் செய்தேன். போன புதன்கிழமை ஷிப்டு முடிய வண்டியோடு காத்திருக்கும்போது முனிரத்தினத்தின் போனை வாங்கி, அவன் பெயரிலேயே, உன் வீடியோவுக்குக் கீழே எழுதினேன். ஷாரோன் உன்னிடம் கேட்ட அதே கேள்விதான். என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு, ஸ்டாப் முறையில் படிக்கிறாள், வழியில் ஒரு ஸ்டாப் இல்லாமல் போய்விட்டது, இப்போது என்ன செய்வது என்று. கால் மணி நேரத்தில் பதில் வந்துவிட்டது. இருபது வரி. பழைய ஸ்டாப்பை அப்படியே விட்டுவிடச் சொல்லுங்க ஐயா, தினமும் கண்ணால் பார்க்கிற வழியையே புதுசாக எடுத்துக்கச் சொல்லுங்க, அந்த ஒரு பதிலை மட்டும் புது இடத்தில் வைத்து மூன்று நாள் சொல்லிப் பார்த்தால் போதும், மறதி என்பது குறை இல்லை, பிள்ளையைத் திட்டாதீங்க என்று எவ்வளவு பொறுமையாக எழுதியிருக்கிறாய். கடைசியில், உங்க பொண்ணுக்கு நான் ஒரு அண்ணன் மாதிரி, எப்ப சந்தேகம் வந்தாலும் கூச்சப்படாம கேக்கச் சொல்லுங்க என்று முடித்திருக்கிறாய்.

கேட்டது யார் என்று சொல்லாமல் அன்றைக்கு வீட்டில் என் போனில் ஷாரோனிடம் அதைக் காட்டினேன். முழுவதும் படித்தாள், மறுபடியும் மேலே போய்ப் படித்தாள். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, யாரோ முனிரத்தினமாமே, அவரு பொண்ணு குடுத்து வச்சதுப்பா என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸ் கழுவப் போய்விட்டாள்.

நீ ஊருக்கெல்லாம் இலவசமாகச் சொல்லிக்கொடுக்கிறாய், அதை நான் குறை சொல்லவில்லை, எத்தனையோ பிள்ளைகள் உன்னால் தேறுகின்றன, கர்த்தர் அதற்கான பலனை உனக்குக் கொடுப்பார். வெயில் அங்கே கடுமையாம், மோர் குடி, வெளியே போனால் தலைக்குத் துணி கட்டிக்கொள். உன் கைகளின் வேலையை ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக. அம்மா உனக்காக இரண்டு வேளையும் ஜெபிக்கிறாள். மறக்காமல் ஒன்று செய். ஷிப்டு முடிந்து இரண்டரை மணிக்கு அவள் வண்டியில் இருப்பாள், போன் கையில் இருக்கும். கூப்பிடு. லிங்க் அனுப்பாதே.

இப்படிக்கு,
முனிரத்தினம் என்று நினைத்து நீ ஐயா என்று மரியாதையாகப் பதில் எழுதிய
உன் அப்பா அண்ணாதுரை