எதிர்ப்பக்கத்தில் கேட்ட குரல்

தம்பி,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், சூடுபண்ணிக்கொள்.

நேற்று அமெச்சூர் ரேடியோ சங்கத்தார் அத்தனை பேரும் கேட்க, ரேடியோ உரிமம் வைத்திருக்கும் பேக்கரிக்காரர் அனுமதியில்லாத அலைவரிசையில் பேசுகிறார் என்று சொல்லிவிட்டாய். நான் கண்டித்ததற்கு, "என் காதால கேட்டதத்தானே சொன்னேன், உனக்கு எப்பவும் நாலு பேர் என்ன சொல்வாங்கன்னு பயம்க்கா" என்றாய். நான் போய்ப் படுத்துவிட்டேன்.

காலையில் நீ எழுமுன், கணினியோடு இணைத்திருக்கும் உன் ரேடியோவைத் திறந்து பார்த்தேன். நீ கட்டிய பேஸ் ஷிஃப்ட் சர்க்யூட், சிக்னலின் இரண்டு கிளைகளையும் தொண்ணூறு டிகிரி தள்ளி நிறுத்த வேண்டும். அந்தக் கோணம் குறைந்தால், ஒருவர் ஓர் அலைவரிசையில் பேசுவது கணினித் திரையின் எதிர்ப்பக்கத்தில், அவர் பேசாத அலைவரிசையிலும் நிழல்போல் வந்து கேட்கும். ஒரு கெபாசிட்டரை மாற்றினேன். பேக்கரிக்காரர் தன் வழக்கமான அலைவரிசையில் பேசிக்கொண்டிருந்தார். எதிர்ப்பக்கம் ஓசையே இல்லை; நீ கேட்டது அந்த நிழலைத்தான்.

மாலையில் சங்கச் செயலாளர் புகார்க் கடிதத்தோடு வருவார். கையெழுத்துப் போடாதே. போட்டால் குற்றமே செய்யாத மனிதரின் உரிமம் போகும்.

நம் வீட்டிலிருந்து போன சொல்லை நம் வீடுதான் திரும்ப எடுக்க வேண்டும். அவரிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறேன். சாவி ஜன்னல் மேல்.

அக்கா

படியிறங்கிவிட்டுத் திரும்பி வந்து எழுதுகிறேன். சொன்னவன் வீட்டில் இருக்க, நான் போய்த் தலைகுனிவது மரியாதை ஆகாது. பேக்கரிக்கு எதிரில் போய் நிற்கிறேன், நீ வராமல் உள்ளே நுழையமாட்டேன்.

முதல் வார்த்தையை மட்டும் நீ சொல். வாய் அடைத்துக்கொண்டால் மிச்சத்தை நான் சொல்கிறேன்.