தொண்டைக்கட்டு

அன்புள்ள அப்பாவுக்கு,

நேற்று ஜென்வில்லியே தியேட்டரிலிருந்து உங்களிடம் சொல்லிக்கொள்ளாமலே கிளம்பிவிட்டேன். அவசர வேலை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். வேலை எதுவும் இல்லை.

நான் இயக்கிய முதல் படம்; அதில் அப்பாவாக நீங்களே நடித்தீர்கள். கார் ஆலையிலிருந்து களைத்து வந்து, ரேடியோச் செய்தியைத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பழகிய பிரெஞ்சு உங்களுடையது. ஒரு பிசிறு கிடையாது. தயாரிப்பாளர் அதைக் கேட்டுவிட்டு, "வாத்தியார் மாதிரில்ல பேசுறாரு! அல்ஜீரியாவுலேர்ந்து வந்தவர்னு எவன் நம்புவான்?" என்று சிரித்தார். நடிகனாக நானும் பேச்சைக் கொச்சையாக்கித்தானே இத்தனை வருடம் வாய்ப்பு வாங்கினேன். தலையாட்டிவிட்டேன். பாரிஸிலேயே பிறந்த ஒருவரைக் கூப்பிட்டு, உங்களுக்குத் தப்பும் தவறுமாக டப்பிங் பேசவைத்தேன். உங்களிடம் மட்டும் சொல்லவில்லை.

நீங்களோ காபிக்கடைக் கூட்டாளிகளையெல்லாம் டை கட்டவைத்து அழைத்து வந்திருந்தீர்கள். திரையில் நீங்கள் வாயைத் திறந்ததும் அரங்கமே சிரித்தது. அரெஸ்கி மாமா உங்கள் பக்கம் திரும்பி, "யோவ், இது உன் குரலே இல்லையே!" என்றார். பின்வரிசையில் இருந்த நான் இருக்கையில் இன்னும் கீழே சரிந்துகொண்டேன்.

"ஷூட்டிங் அன்னைக்கு எனக்குத் தொண்டை கட்டிப்போச்சுய்யா. புள்ள என்ன பண்ணுவான், பாவம்!" என்றீர்கள்.

இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் எடுத்தவுடன் உங்கள் குரல் கேட்குமே, அப்பா.

உங்கள் மகன்